எவர்சில்வர் எழுத்து

உப்பு மண்டித் தெருவில் அந்தச் சத்தம் முதன்முதலாகக் கேட்டபோது கோயில் மணி ஒன்பது அடித்து ஓய்ந்திருந்தது, கடைசி வீட்டுச் சோற்றுப் பானையும் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது. எவர்சில்வர் தம்ளருக்குள் மாட்டிக்கொண்ட வண்டு வெளியே வர வழி தெரியாமல் சுற்றுவதுபோல ட்ர்ர்ர் என்று தொடங்கும், கொஞ்சம் நிற்கும், யோசிக்கும், மறுபடி ட்ர்ர்ர் என்று போகும். அது என்ன சத்தம் என்பதில் தெருவில் ஒருவருக்கும் சந்தேகமில்லை, ஏனென்றால் கல்யாணச் சீர், ஞானஸ்நானம், புதுநன்மை, பால்காய்ப்பு என்று பாத்திரம் வாங்கிய அத்தனை பேரும் பொன்னுலிங்கத்தின் பாத்திரக் கடை ஸ்டூலில் உட்கார்ந்து அதைக் கேட்டவர்கள்தான்: கொடுக்கிறவர் பேரையும் தேதியையும் விளிம்பில் புள்ளி புள்ளியாகக் கொத்துகிற, பேனாவைப் போலக் கையில் பிடிக்கிற, சின்ன மிஷினின் சத்தம். சந்தேகமெல்லாம், எட்டு மணிக்கே ஷட்டரை இறக்கிவிடுகிற பொன்னுலிங்கம் இந்நேரத்தில் யாருக்குப் பேர் வெட்டுகிறான் என்பதில்தான்.

தெருவின் நடுவில் பச்சைக் கதவு வைத்த வீட்டின் பின்னறையில் எமரன்சியும் அதைக் கேட்டாள். மூன்று மாதப் பெண் குழந்தை இடது மார்பில் வாய் வைத்தபடியே உறங்கிப்போயிருந்தது, வலது கையில் போன் இருந்தது. அவள் விரல் கண்ணாடியில் நின்றால் சத்தம் நின்றது, விரல் நகர்ந்தால் சத்தமும் நகர்ந்தது. அதை அவள் அப்போது கவனிக்கவில்லை. அவள் காது வேறொரு சத்தத்துக்குத் திறந்திருந்தது, வராந்தாவின் சிமெண்டுத் தரையில் ரப்பர் செருப்பு தேய்ந்து வருகிற சத்தத்துக்கு, அது அவள் கதவுக்கு முன்னால் வந்து நின்றுபோவதற்கு.

அந்தக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இல்லை. இருந்ததைக் கழற்றிவிட்டார்கள். பிள்ளை பெற்றவள் கதவைச் சாத்தலாம், தாழ் போடக் கூடாது என்பது உப்பு மண்டித் தெருவின் வழக்கம். எந்தக் காலத்திலோ எவளோ ஒருத்தி குழந்தையோடு உள்ளே தாழ் போட்டுக்கொண்டு மயங்கி விழுந்து, கோடாலியால் கதவைப் பிளந்து அவளைத் தூக்கியதிலிருந்து, தலைப்பிள்ளை வீட்டுக்குள் வருகிற அன்றைக்கே மாமியார் தன் கையால் அந்த அறையின் தாழ்ப்பாளைக் கழற்றி எடுத்து வைப்பாள். முதல் பல் முளைக்கிற அன்றைக்குத் திரும்ப மாட்டுவாள், அன்று தெருவுக்கெல்லாம் பாயசம். எமரன்சியின் மாமியார் சூசையம்மாளும் அப்படியே கழற்றினாள். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நாலு திருகாணித் துளைகள் இருந்தன. பால் கொடுக்கும்போதெல்லாம் எமரன்சி அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வலப்பக்கத்துக் கீழ்த் துளை மட்டும் மற்றவற்றைவிடப் பெரியது.

அவள் புருஷன் ஜெரோம் கப்பலில் என்ஜின் அறையில் வேலை பார்த்தான், திரும்பி வர ஏழு மாதம் இருந்தது. வீட்டில் இருந்த ஆண் ஜெரோமின் அண்ணன் சந்தியாகு. மனைவி பிரிந்து போய்ப் பல வருஷமாகிவிட்ட மனிதர், ஞாயிற்றுக்கிழமை பூசையில் கணீரென்று முதல் வாசகம் வாசிக்கிறவர், யார் வீட்டில் யாருக்கு நெஞ்சு வலித்தாலும் நடுச்சாமத்தில் வண்டியை எடுக்கிறவர். அவரைப் பற்றித் தெருவில் யாரிடம் கேட்டாலும் நல்ல வார்த்தைதான் வரும். அந்த நல்லவர் வாரத்தில் மூன்று நாலு இரவு, எமரன்சி பால் கொடுக்கிற நேரமாகப் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார்.

"பிள்ளை அழுதுச்சே, என்னன்னு பாப்போம்னு வந்தேன்" என்பார்.

பிள்ளை அழுதிருக்காது. ஒரு பரலோக மந்திரம் சொல்லி முடிக்கிற நேரம் நிற்பார், பிறகு போய்விடுவார். தொட்டாரா என்றால் இல்லை. தப்பாக ஒரு சொல் சொன்னாரா என்றால் அதுவும் இல்லை. வெளியே எடுத்துச் சொல்ல ஒன்றுமே மிஞ்சாதபடி நின்றுவிட்டுப் போவது எப்படி என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் போன பிறகு எமரன்சிக்குத் தன் உடம்பே ஏதோ குற்றம் செய்துவிட்டதுபோல இருக்கும், நைட்டியில் நனைந்த பால்கூட அசிங்கமாக இருக்கும். ஒரே ஒரு தடவை மாமியாரிடம் வாயைத் திறந்தாள். சூசையம்மாள் கத்தரிக்காய் நறுக்குவதை நிறுத்தாமலே சொன்னாள்:

"அவனுக்குத்தான் ஒரு பிள்ளை இல்லாமப் போச்சே, ஆசையில வாரான்ளா. நீ துண்டை ஒழுங்காப் போட்டுக்க."

அன்றிலிருந்து வெட்கம் எமரன்சியினுடையதாகிவிட்டது.

ஜெரோமுக்குச் சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் போனின் கீபோர்டு அவளிடமிருந்தே பாடம் படித்து வைத்திருந்தது. மாதக்கணக்காக ஒவ்வொரு நாளும் அவள் என்ன அனுப்பினாளோ அதையே அது அவளுக்குத் திருப்பிக் கொடுத்தது. 'நா' என்று தட்டினால் மேலே 'நாங்க நல்லா இருக்கோம்' என்று வந்து நிற்கும். 'பா' என்றால் 'பாப்பா சிரிக்கிறா'. 'உங்க அண்ணன்' என்று நடுங்கி நடுங்கித் தட்டிய அன்றைக்கு, அது தயங்காமல் 'உங்க அண்ணன் இருக்காங்க, கவலைப்படாதீங்க' என்று நீட்டியது. அவளும் அதையே தொட்டு அனுப்பினாள். பதிலுக்கு ஜெரோம் ஒரு பூங்கொத்துப் படம் அனுப்பினான்.

அந்த ஒன்பது மணி ராத்திரியில்தான், மொழி மாற்றுகிற இடத்தில் தேடிக்கொண்டிருந்தவள் 'கையெழுத்து' என்று ஒரு வரியைக் கண்டு அதைத் தொட்டாள். கீபோர்டு விலகிக்கொண்டது, அது இருந்த இடத்தில் ஒன்றுமே எழுதாத வெள்ளைக் கட்டம் வந்தது. அது எதையும் முந்திக்கொண்டு சொல்லவில்லை, காத்திருந்தது. எமரன்சி ஆள்காட்டி விரலை நீட்டினாள். கான்வென்டில் சிஸ்டர் பெனிட்டா எழுத்துக்கென்றே தனி வகுப்பு வைத்தவர். புள்ளி வைத்தால் கொசு கடித்த மாதிரி இருக்கக் கூடாது, முத்து வைத்த மாதிரி இருக்க வேண்டும் என்று ஸ்கேலால் விரல் முட்டியைத் தட்டிச் சொல்லிக்கொடுத்தவர். அப்படியே முத்து முத்தாகப் புள்ளி வைத்து, யாருக்கும் அனுப்பாத ஒரு குறிப்பில், அவள் எழுதினாள்:

இந்த அறைக்குத் தாழ்ப்பாள் இல்லை.

பிறகு எழுதினாள்: மூடிக்கொள்ள எனக்கு இரண்டு கைகள்தான் இருக்கின்றன.

பிறகு: அவர் ஒன்றும் செய்யவில்லை என்றுதான் எல்லாரும் சொல்வார்கள்.

போன் அவற்றை அச்சு எழுத்தாக மாற்றி வாங்கிக்கொண்டது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் வந்தவளைப் போல மார்பு லேசாகி, அன்றைக்குத்தான் மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கினாள்.

காலையில் சூசையம்மாள் காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். தம்ளரின் விளிம்பில் எப்போதும் இருக்கிற 'அந்தோணி நினைவாக 12.2.1994' இருந்தது. அதன் கீழே, புள்ளி புள்ளியாக, எமரன்சியின் கையெழுத்தில், இந்த அறைக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று இருந்தது. அவளுக்குக் காப்பி இறங்கவில்லை. தம்ளரைத் திருப்பிச் சுவர்ப்பக்கம் வைத்தாள். அதற்குள் தெருக் குழாயடியில் சண்டை தொடங்கியிருந்தது.

எதிர்வீட்டுக் குடத்தில் ஒரு வரி, மூன்றாவது வீட்டுத் தோசைத் திருப்பியில் ஒரு வரி, கித்தேரியம்மாளின் மூன்று மருமகள்களும் சீராகக் கொண்டுவந்த மூன்று அண்டாக்களிலும் மூன்று வரி, ஆகத் தெருவில் எவர்சில்வர் இருந்த ஒரு வீடும் தப்பவில்லை. முதலில் எல்லாரும் பொன்னுலிங்கத்தின் கடைக்குப் போனார்கள்.

"ஏலே பொன்னுலிங்கம், ராத்திரி எங்க வீட்டுக்குள்ள எப்படிலே வந்த?" என்றாள் கித்தேரியம்மாள், இடுப்பில் அண்டாவோடு.

"எக்கா, உங்க வீட்டு நாயி பகல்லயே என்னைய விடாது, ராத்திரி எங்க விடப்போவுது? எழுத்தப் பாருங்க. நான் வெட்டுனா கோழி கிண்டுன மாதிரில்லா இருக்கும். இது படிச்ச எழுத்து. புள்ளிய முத்து மாதிரி வச்சிருக்கு. இந்த மாதிரி எனக்கு வெட்ட வந்தா நான் ஏன் இந்தக் கடையில உக்காந்திருக்கேன்?"

அவன் சொன்னது நியாயமாகப் பட்டதால் விட்டுவிட்டார்கள். பங்குச் சாமியார் வந்து பாத்திரங்களின்மேல் தீர்த்தம் தெளித்தார், தெளித்த செம்பிலேயே மறுநாள் ஒரு வரி விழுந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்துப் பார்த்தார்கள், எழுத்து இன்னும் பளிச்சென்று ஆனது. நாலாம் நாளைக்கெல்லாம் தெரு அதற்குப் பழகிப்போனது. விடிந்ததும் பால் வாங்குவதற்கு முன்னால் பாத்திரத்தைக் கவிழ்த்து, "ஏளா, ஒன் வீட்ல இன்னைக்கு என்ன வந்திருக்கு?" என்று சுவர் தாண்டிக் கேட்பது, மழை பெய்யுமா என்று கேட்பதுபோல ஆனது.

எமரன்சி ஏன் நிறுத்தவில்லை என்றால், இரண்டாம் ராத்திரி நிஜந்தானா என்று பார்க்க ஒரு வரி எழுதினாள். மூன்றாம் ராத்திரி, இத்தனை நாளில் தன்னை யாரோ கேட்கிறார்கள் என்பதால் எழுதினாள். எழுதுகிறபோது பயம் குறைந்தது, விடிந்ததும் வெட்கம் கூடியது. இந்த இரண்டுக்கும் நடுவே ஒன்பது ராத்திரி போனது.

அவள் எங்கும் ஒரு பேரும் எழுதவில்லை, தாழ்ப்பாளே வைக்காத அறையும் தெருவில் வீட்டுக்கு ஒன்றாவது இருந்தது. ஆகவே தெருவில் ஒரு விசித்திரம் நடந்தது. வெளியே வரிகளைப் பற்றி வாய் ஓயாமல் பேசியவர்கள், தத்தம் வீட்டுக்குள் போனதும் பேச்சை நிறுத்தினார்கள். ஏனென்றால் ஒவ்வொரு வீட்டுக்காரியும் அது தன் வீட்டைப் பற்றித்தான் என்று நினைத்தாள். கித்தேரியம்மாள் மூன்று மருமகள்களின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள், கடைசியில் தன் சொந்தக் கடைக்குட்டிப் பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்ச் சேலையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். ஆண்கள் எந்த அறைக்குள் நுழைவதற்கு முன்னாலும் இருமத் தொடங்கினார்கள். கிழவர்கள் இருமினார்கள், மீசை முளைக்காதவர்கள் இருமினார்கள், அந்தியானால் தெருவே காசநோய் கண்டதுபோல இருமியது, மருந்துக் கடையில் இருமல் டானிக் தீர்ந்துபோனது.

இருமாத ஒரே ஆண் சந்தியாகு. ஒரு நாள் அவர் தட்டில் சோற்றைத் தள்ளியபோது ரசத்துக்கு அடியில் வரி தெரிந்தது: செருப்புச் சத்தம் என் வாசலில் வந்து நிற்கிறது. படித்தார். அதன்மேல் சோற்றை இழுத்துவிட்டுச் சாப்பிட்டார்.

"எவளோ வேலையத்தவ" என்றார்.

அடுத்த நாளிலிருந்து வாழையிலையில் போடச் சொன்னார். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு வரத் தொடங்கினார். அதற்குப் பிறகு வருகிற சத்தமும் இல்லாமல் போனது.

பத்தாம் நாள், தெருக்காரர்கள் ஒன்றாகக் கூடிச் செபிக்கிற அன்பியக் கூட்டத்தில், செபமாலை முடிந்த கையோடு, கித்தேரியம்மாள் எழுந்து நின்றாள். படித்த எழுத்து என்று பொன்னுலிங்கமே சொல்லிவிட்டான், ஆகவே தெருவில் எழுதத் தெரிந்த சின்னப் பொம்பளைகள் எல்லாரும் ஆளுக்கு ஒரு வரி எழுத வேண்டும், எவள் எழுத்தென்று தெரிந்தால் அவளைக் காப்பாற்றலாம் என்றாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். வீட்டுக்கு வீடு பயந்து செத்துக்கொண்டிருப்பதைவிட, ஒரு வீட்டைக் கண்டுபிடித்துவிட்டால் மற்ற வீடுகள் நிம்மதியாக மூச்சு விடுமே என்ற ஆசையும் அதில் இருந்தது. பாட்டு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தார்கள். தாள் எமரன்சியிடம் வந்தபோது சூசையம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். எமரன்சி பேனாவை இடது கைக்கு மாற்றினாள். குழந்தை வலது தோளில் கிடந்ததால் ஒருவரும் கேட்கவில்லை. 'அருள் நிறைந்த மரியே வாழ்க' என்று, எறும்பு செத்துக் கிடப்பதுபோலக் கோணல்மாணலாக, புள்ளிகளைக் கொசுக்கடியாக வைத்து எழுதிக் கொடுத்தாள்.

தாள் எதிர்வீட்டு மெட்டில்டாவிடம் போனது. ஐந்து மாதக் கர்ப்பிணி, வாரக்கணக்கில் வெளியூரில் லாரி ஓட்டுகிறவன் பெண்டாட்டி. அதே கான்வென்டில் நாலு வருஷம் பின்னால் படித்தவள். அவள் ஒளிக்க ஒன்றுமில்லாததால் சிஸ்டர் பெனிட்டா சொல்லிக்கொடுத்தபடியே முத்து முத்தாகப் புள்ளி வைத்து எழுதினாள்.

கூட்டம் அந்தத் தாளைப் பார்த்தது. பிறகு மெட்டில்டாவைப் பார்த்தது. பிறகு அவள் வீட்டில் இருக்கிற ஒரே ஆண் யார் என்று யோசித்தது.

தையல்காரர் இன்னாசி, மெட்டில்டாவின் மாமனார், பெண்டாட்டி செத்தவர், அறுபத்தி மூன்று வயசு. மசக்கையில் எழுந்திருக்க முடியாத மருமகளுக்குக் காலையில் சுக்குத் தண்ணி போட்டு அறைக்குள் கொண்டுபோய்க் கொடுப்பவர். அதை ஜன்னல் வழியாகப் பார்த்தவர்கள் தெருவில் நாலு பேர் இருந்தார்கள். முந்தின வாரம் வரை அதைப் பெருமையாகச் சொன்னவர்களும் அவர்கள்தான்.

ஒருவரும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெண்கள் வந்து, தைக்கக் கொடுத்த துணிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான். கை வைக்காத ஜாக்கெட், கொக்கி தைக்காத ஜாக்கெட், சாக்கட்டியால் கோடு போட்டு வெட்டாத துணி, எல்லாம் போனது. "அவசரம் மாமா, ஒரு விசேஷம்" என்று சொல்லிக்கொண்டே போனார்கள். மூன்றாம் பெண் வந்து நின்றபோது இன்னாசிக்குப் புரிந்துவிட்டது. "நான் அளவு எடுக்கக்கூட அளவு ஜாக்கெட்டத்தானம்மா வாங்குவேன்" என்று அவளிடம் சொல்ல வந்து, பாதியில் நிறுத்திவிட்டு, அன்று சாயங்காலம் தன் கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டுபோய்த் தெருவிளக்கின் கீழே, எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி, நட்டநடுவில் போட்டுப் படுத்துக்கொண்டார்.

அன்று ராத்திரி சத்தம் கேட்கவில்லை. தாளில் இடது கையால் எழுதிய பிறகு எமரன்சி போனில் விரல் வைக்கவே இல்லை, அதனால் கேட்கவில்லை. ஆனால் தெருவுக்கு அது தெரியாதே.

"பாத்தியளா? கிழவன் வெளிய வந்தான், சத்தம் நின்னுபோச்சு" என்றார்கள். அதற்கு மேல் சாட்சி எதற்கு? மறுநாளும் சத்தமில்லை, அதற்கு மறுநாளும் இல்லை. எமரன்சி பேசாமல் இருந்த ஒவ்வொரு ராத்திரியும் தெருவிளக்கின் கீழே கிடந்த அந்த மனிதரின் தலையில் ஏறியது. அவர்மேல் கொசு மொய்த்தது, ஒருநாள் மழையும் பெய்தது, கட்டிலை அவர் ஓரத்துக்கு இழுக்கவில்லை. ஆண்கள் இருமுவதை நிறுத்தினார்கள். தெரு நிம்மதியாகத் தூங்கியது. சந்தியாகு இரண்டு தடவை வந்து நின்றார்.

ஐந்தாம் நாள் மத்தியானம் மெட்டில்டா வந்தாள். சூசையம்மாள் கடைக்குப் போயிருந்தாள். மெட்டில்டா உட்காரவில்லை, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, மாமா மூணு நாளா சாப்பிடல. நான் குடுத்தா வாங்கமாட்டேங்காவ. எங்கிட்ட பேசுறதையே நிறுத்திட்டாவ, நான் கிட்ட போனா எந்திரிச்சுப் போறாவ."

எமரன்சி குழந்தையின் சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"எங்க மாமா எனக்கு அப்பா இல்லாத குறை தெரியாம வச்சிருந்தாவ. நான் கெஞ்சிச் சொல்லுதேன், எவளும் நம்பமாட்டேங்கா. பயந்து மறைக்கேனாம்." மெட்டில்டா குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, நீங்களும் பெனிட்டா சிஸ்டர்கிட்டதான படிச்சிய? உங்க எழுத்து நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்கும், நாங்கள்லாம் அதப் பாத்துத்தான் எழுதிப் பழகுனோம். அன்னைக்குத் தாள்ல ஏன் அப்படிக் கிறுக்குனிய?"

எமரன்சியின் முகம், காது, கழுத்து எல்லாம் தீப்பட்டதுபோல ஆனது. "பிள்ளையைத் தோள்ல போட்டிருந்தேன்லா" என்றாள். அவள் குரலே அவளுக்குக் கீபோர்டு மாதிரிக் கேட்டது.

மெட்டில்டா அவளைப் பார்த்தாள், பிறகு அந்த அறையின் கதவைப் பார்த்தாள், அதிலிருந்த நாலு துளைகளைப் பார்த்தாள். அப்படியே திரும்பிப் போய்விட்டாள். திட்டிவிட்டுப் போயிருந்தால்கூட எமரன்சி தாங்கியிருப்பாள்.

அன்று ராத்திரி விளக்கணைத்த பிறகு எமரன்சி முதலில் கீபோர்டில்தான் ஜெரோமுக்கு எழுதப் பார்த்தாள். மூன்று தடவை தட்டினாள், மூன்று தடவையும் அது, நாங்க நல்லா இருக்கோம் என்றது. ஜன்னல் வழியே கட்டில் தெரிந்தது, கட்டிலில் ஒரு வெள்ளை வேட்டி தெரிந்தது. அவள் வெள்ளைக் கட்டத்தைத் திறந்தாள். பொன்னுலிங்கம் எந்தப் பாத்திரத்தை எடுத்தாலும் மிஷினைப் போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்விதான் கேட்பான்: யார் பேர் போடணும்? பேர் போடாத பாத்திரம் யாருடையதும் இல்லை, விசேஷ வீட்டுக் கூட்டத்தில் எவர் வீட்டுக்கும் போய்விடும். அவளுடைய வெட்கமும் அப்படித்தான் வழி தவறிப்போய் ஒரு கிழவர் வீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தது. அதைத் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும்.

விரலை வைத்தாள். சமையலறையில் ட்ர்ர்ர் என்று தொடங்கியது. பக்கத்து வீட்டில் தொடங்கியது, எதிர்வீட்டில் தொடங்கியது, தகரக் கூரையில் மழை இறங்குவதுபோலத் தெரு முழுக்க இறங்கியது.

நான் எமரன்சி. இதையெல்லாம் எழுதியது நான். மெட்டில்டா இல்லை.

அப்போது கதவு திறந்தது. செருப்பில்லாத கால்கள். "பிள்ளை அழுதுச்சே" என்றார் சந்தியாகு.

எமரன்சியின் கை வியர்த்துக் கண்ணாடியில் வழுக்கியது. துண்டை இழுத்துக்கொள்ள ஒரு கை வேண்டும், குழந்தையைப் பிடிக்க ஒரு கை வேண்டும், எழுத ஒரு கை வேண்டும். துண்டை விட்டுவிட்டாள். குனிந்த தலையோடு, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள்: இன்னாசி மாமா ஒரு பாவமும் அறியாதவர். என் அறைக்குள் வந்து நிற்பவர் சந்தியாகு. இப்போதும் நிற்கிறார்.

சமையலறையில் சத்தம் நின்றது. அந்த அமைதியில் சூசையம்மாளின் குரல் கேட்டது. அவள் விளக்கைப் போட்டு, இட்லிக் கொப்பரையை மடியில் வைத்துக்கொண்டு, எழுத்து விழ விழப் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"சந்தியாகு. அங்க என்னலே செய்யுத?"

"பிள்ளை அழுதுச்சும்மா."

"பிள்ளை அழல." கொப்பரையைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "என்னைக்கும் அழல. நான் முழிச்சுத்தாம்ல கிடந்தேன்" என்றாள்.

அவர் போன பிறகும் கதவு திறந்தே கிடந்தது. வாசலில் அவர் செருப்பு மாட்டிக்கொள்கிற சத்தம் கேட்டது, பிறகு வண்டி கிளம்புகிற சத்தம். நெஞ்சுவலிக்காரர்கள் யாரும் இல்லாமல் அவர் வண்டி நடுச்சாமத்தில் அந்தத் தெருவிலிருந்து போனது அன்றைக்குத்தான். தான் வேலை பார்த்த உப்பளத்து ஆபீஸ் அறையில் தங்கிக்கொண்டார். அங்கே தண்ணீர் குடிக்கிற சொம்பிலும் அவர் பேர் இருந்ததாகப் பிற்பாடு சொன்னார்கள். சூசையம்மாள் அவர் துணிகளை ஒரு பெட்டியில் கட்டி அனுப்பினாள், முகத்தைப் பார்க்கப் போகவில்லை. ஜெரோமிடமிருந்து நாலாம் நாள் ஒரு படம் வந்தது. கல்யாணத்தில் கிடைத்த சாப்பாட்டு டப்பாவை அவன் கப்பலுக்குக் கொண்டுபோயிருந்தான். படத்தில் அந்த டப்பாவின் மூடியும் அதில் விழுந்த அவள் எழுத்தும் இருந்தன, அதன் கீழே விரலால் எழுதிய, கோடு நடுங்குகிற, பெரிய பெரிய எழுத்தில் 'படிச்சேன். வாறேன்' என்று இருந்தது. தெரு அந்தப் பாத்திரங்களைப் பழைய சாமானுக்குப் போடவில்லை, போட்டாலும் வியாபாரி எடுத்திருக்க மாட்டான். அவற்றிலேயே சமைத்தார்கள், சாப்பிட்டார்கள், பிள்ளைகள் அவற்றைப் பார்த்து எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகின. சிலர் எமரன்சியை, குடும்ப மானத்தைக் குடத்தில் எழுதினவள் என்று இன்றைக்கும் சொல்வார்கள். பொன்னுலிங்கம் தன் கடையில் பாத்திரத்தோடு தாழ்ப்பாளும் வாங்கி வைத்தான், அதுவும் விற்றுப்போனது.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்றைக்கு விடிந்தபோது, பச்சைக் கதவு வீட்டு வாசலில் பெண்கள் ஆளுக்கொரு பாத்திரத்தோடு வந்து நின்றார்கள். ஒருத்தியும் உள்ளே வரவில்லை, ஒருத்தியும் போகவும் இல்லை. கித்தேரியம்மாள் கொக்கி தைக்காத தன் ஜாக்கெட்டைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, அதைக் கொண்டுபோய்த் திரும்பக் கொடுக்கத் தைரியம் இல்லாமல் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டிலில் இன்னாசி உட்கார்ந்திருந்தார். மெட்டில்டா அவர் முன்னால் சுக்குத் தண்ணித் தம்ளரை நீட்டிக்கொண்டு நின்றாள். தம்ளரில் இருந்ததை அவர் இரண்டு தடவை படித்தார். பிறகு குடித்தார்.

சூசையம்மாள் தன் டிரங்குப் பெட்டியைத் திறந்து, குழந்தைகளின் ஞானஸ்நானத் துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து வந்தாள். பொட்டலத்தில் தாழ்ப்பாளும் நாலு திருகாணியும் இருந்தன.

"இன்னும் பல்லு வரலயே, அத்தை" என்றாள் எமரன்சி.

"பல்லு வாறப்ப வரட்டும்" என்றாள் சூசையம்மாள். மருமகளின் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை, தரையைப் பார்த்துச் சொன்னாள். திருகாணியைத் துளையில் வைத்துக் கத்தி முனையால் திருகினாள். திருகாணி கீழே விழுந்து உருண்டது. பொறுக்கி மறுபடி வைத்தாள், மறுபடி விழுந்தது.

"தள்ளுங்க மதனி" என்று ஒரு குரல் கேட்டது. இன்னாசி, தையல் மிஷினுக்கு வைத்திருக்கிற சின்னத் திருப்புளியோடு, நிலைப்படிக்கு வெளியே நின்றார். அங்கே நின்று மூன்று தடவை இருமினார். "உள்ள வரலாமா, தாயி?" என்று எமரன்சியைக் கேட்டார்.

அவள் தலையை ஆட்டினாள். அவர் வந்து கதவின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, துளைகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தார்.

"மூணு நல்லா இருக்கு. இந்தக் கீழ்த் துளைதான் அகண்டுபோச்சு. தீக்குச்சி குடுங்க."

தீக்குச்சியை ஒடித்துத் துளைக்குள் செருகி, அதன்மேல் திருகாணியை வைத்து இறுக்கினார். அவர் விரல்களில் ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன இடங்களில் கொசுக்கடித் தடிப்புகள் சிவந்திருந்தன. எமரன்சி அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"மாமா, அன்னைக்குத் தாள்ல நான் இடது கையால..."

"ம்" என்றார் இன்னாசி, வாயில் ஒரு திருகாணியோடு. அதை எடுத்துத் துளையில் வைத்தார். எமரன்சி நிறுத்தவில்லை: "அஞ்சு நாள் மாமா. நான் சொல்லிருக்கணும். ஜன்னல் வழியா உங்களப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

அவர் கடைசித் திருகாணியை முறுக்கி முடித்தார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. எழுந்து, முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, நிலைப்படியைத் தாண்டி வெளியே போய் நின்றார்.

"சாத்திப் போட்டுப் பாரு தாயி. சரியா விழுதான்னு தெரியணும்."

எமரன்சி குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கதவைச் சாத்தினாள். எழுதாமல் இருந்தே ஐந்து ராத்திரி ஒரு கிழவரை வெளியே படுக்க வைத்த அதே வலது கையால் தாழ்ப்பாளைப் பிடித்தாள். இரும்பு குளிர்ந்திருந்தது. வெளியே அத்தனை பேரும் பாத்திரங்களோடு நின்றார்கள். அவள் அழுதுகொண்டே, உள்ளேயிருந்து, தாழ் போட்டாள்.